ஒரு நாளில் ஆக்ரா: வழிகாட்டி சொல்லாத வரலாறு

தில்லியில் வசிக்கும் நம்மவர்களுக்கு நிரந்தரமான ஒரு கடமை உண்டு. சென்னை, மும்பை, பெங்களூரு, கொல்கத்தா என்று எந்த ஊரிலிருந்து பந்துக்கள் வந்து இறங்கினாலும், "ஆக்ரா போய்விட்டு வந்துவிடலாமே" என்பார்கள். நாம்தான் அழைத்துப் போக வேண்டும். மத்திய அரசு உத்தியோகத்தில் இருந்த நாட்களிலும் ஓய்வு பெற்ற பின்னரும் நான் பல முறை போயிருக்கிறேன். சென்ற குளிர்காலத்தில் தில்லி அன்பர்களும் வெளியூர் உறவினர்களுமாகப் பதினெட்டுப் பேர், ரயில் டிக்கெட், பஸ், நுழைவுச் சீட்டு, வழிகாட்டி எல்லாம் சேர்ந்த ஒரு நாள் சுற்றுலாவில் போய் வந்தோம்.

வழிகாட்டி நல்ல மனிதர். ஹிந்தியும் ஆங்கிலமும் சரளமாகப் பேசினார். ஆனால் அவர் சொன்னதெல்லாம் தாஜ்மகாலைக் கட்டியவர்களைப் பற்றித்தான். அதைக் காப்பாற்றியவர்களைப் பற்றி நாங்களாகக் கேட்கும் வரை ஒரு வார்த்தையும் இல்லை. கட்டி முடிக்க ஆனது சுமார் இருபத்திரண்டு ஆண்டுகள். பழுதுபடாமல் நிற்க வைக்கும் வேலை முந்நூற்று எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது, இன்னும் முடியவில்லை. அந்த இரண்டாவது வரலாற்றில் நாம் ஏறிச் செல்லும் ரயிலுக்கும் பங்கு உண்டு, நல்லதும் கெட்டதுமாக. அதை நம் இதழின் வாசகர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

ரயில் வந்த வழி

தில்லியையும் ஆக்ராவையும் நேராக இணைக்கும் ரயில் பாதை 1904-ல்தான் திறக்கப்பட்டது. அதற்கு முன் ஹௌராவிலிருந்து தில்லி செல்லும் பிரதான பாதையில் வந்து, தூண்ட்லா ஜங்ஷனில் வண்டி மாறி ஆக்ரா போக வேண்டும். ராஜபுதனத்துப் பக்கமிருந்து வருபவர்களுக்கு பாந்திகுயி வழியாக ஆக்ரா கோட்டை நிலையத்துக்கு 1870-களில் மீட்டர் கேஜ் பாதை வந்தது. இந்தக் கோட்டை நிலையத்தைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

காலையில் தில்லியை விட்டு, தாஜ்மகாலைப் பார்த்து, இரவே வீடு திரும்பலாம் என்ற வசதிக்காகவே 1964-ல் தாஜ் எக்ஸ்பிரஸ் விடப்பட்டது. மூத்த வாசகர்கள் பலர் அதில் போயிருப்பீர்கள். 1988-ல் நாட்டின் முதல் சதாப்தி எக்ஸ்பிரஸும் இதே வழியில், ஜான்சி வரை ஓடத் தொடங்கிற்று. 2016 ஏப்ரல் 5-ஆம் தேதி கதிமான் எக்ஸ்பிரஸ் வந்தது. மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓட அனுமதி பெற்ற முதல் இந்திய ரயில் இதுதான். ஹஜ்ரத் நிஜாமுதீனிலிருந்து ஆக்ரா கன்டோன்மென்ட் வரை 188 கிலோமீட்டரை 100 நிமிஷத்தில் கடப்பதாக அறிவிக்கப்பட்ட வண்டி. சராசரி வேகம் மணிக்கு சுமார் 113 கிலோமீட்டர் ஆகிறது.

நாங்கள் போனதும் கதிமானில்தான். வண்டியிலேயே காலைச் சிற்றுண்டி கொடுத்தார்கள். ஆனாலும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லிப் பொட்டலங்கள் கைமாறியதை யாராலும் தடுக்க முடியவில்லை. மதுராவைக் கடக்கும்போது மாமிகள் எல்லோரும் ஜன்னல் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். கிருஷ்ண ஜன்ம பூமி அல்லவா! அதே மதுராவுக்கு தாஜ்மகாலின் வரலாற்றில் வேறொரு இடமும் உண்டு. அங்கேதான் 1982-ல் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை இயங்கத் தொடங்கியது. அந்த ஆலையைப் பற்றி எழுந்த கவலைதான் பிறகு பெரிய வழக்குக்கு வழி செய்தது.

கதைகளும் ஆதாரங்களும்

ஆக்ரா கன்டோன்மென்டில் இறங்கி பஸ்ஸில் ஏறியதும் வழிகாட்டி தம் கதைகளை ஆரம்பித்தார். இருபதாயிரம் பேர் இருபத்திரண்டு ஆண்டுகள் உழைத்தார்கள். முடிந்ததும் இதுபோல் இன்னொன்று கட்டக்கூடாது என்று தொழிலாளிகளின் கைகளை ஷாஜஹான் வெட்டிவிட்டார். யமுனையின் எதிர்க்கரையில் தமக்காகக் கறுப்புச் சலவைக்கல்லில் ஒரு தாஜ்மகால் கட்ட நினைத்தார். நீங்களும் இவற்றைக் கேட்டிருப்பீர்கள்.

முதலில் தெரிந்த விவரங்களைச் சொல்லிவிடுகிறேன். மும்தாஜ் மகல் 1631 ஜூன் 17-ஆம் தேதி புர்ஹான்பூரில் பதினான்காவது பிரசவத்தின்போது காலமானார். ஆறு மாதம் கழித்து உடலை ஆக்ராவுக்குக் கொண்டுவந்தார்கள். 1632-ல் வேலை தொடங்கியது. பிரதான கட்டிடம் 1643 வாக்கில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. சுற்றியுள்ள மசூதி, வாயில்கள், முற்றங்கள் எல்லாம் முடிய மேலும் பத்து ஆண்டுகள் வரை ஆயின. வெள்ளைச் சலவைக்கல் ராஜஸ்தானத்து மக்ரானாவிலிருந்து வந்தது. கொல்கத்தா அன்பர்கள் பார்க்கும் விக்டோரியா நினைவு மண்டபமும் இதே மக்ரானாக் கல்தான். தலைமைச் சிற்பி என்று கருதப்படுபவர் உஸ்தாத் அகமது லாஹோரி.

இருபதாயிரம் பேர், இருபத்திரண்டு ஆண்டு என்ற கணக்கு, இரத்தின வியாபாரியான தாவர்னியே என்ற பிரெஞ்சுப் பயணியின் குறிப்பிலிருந்து வந்தது. எதிர்க்கரையில் ஷாஜஹான் தமக்கு ஒரு சமாதி கட்டத் தொடங்கினார் என்ற செய்தியும் அவர் எழுதியதே. 1990-களில் எதிர்க்கரையிலுள்ள மஹ்தாப் பாக் தோட்டத்தில் அகழாய்வு செய்தார்கள். கிடைத்தது தாஜ்மகாலின் பிம்பம் தெரியும்படி அமைத்த ஒரு பெரிய குளம். கறுப்புத் தாஜ்மகாலுக்கு அஸ்திவாரம் எதுவும் இல்லை. அங்கே கிடந்த கறுப்புக் கற்களும் காலப்போக்கில் நிறம் மாறிய வெள்ளைக் கற்களே.

கை வெட்டிய கதைக்குச் சமகால ஆதாரம் கிடையாது. கொஞ்சம் யோசித்தாலும் போதும். 1639-ல் ஷாஜஹான் தில்லி செங்கோட்டைக்கு அஸ்திவாரம் போட்டார். தாஜ்மகால் வேலை நடந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் கோட்டையைக் கட்டியதிலும் உஸ்தாத் அகமதுவுக்கு முக்கியப் பங்கு. அடுத்தடுத்து இவ்வளவு கட்டிய ஓர் அரசர், தேர்ந்த கைவினைஞர்களின் கைகளை வெட்டியிருப்பாரா?

பஸ்ஸை விட்டு இறங்கி பேட்டரி வண்டிக்குக் காத்திருந்தபோது, பெங்களூரிலிருந்து வந்திருந்த உறவுக்காரப் பிள்ளையாண்டான் என் பக்கத்தில் வந்து, மெதுவாக, "மாமா, இது முதல்ல சிவன் கோவிலா இருந்துதுன்னு சொல்றாளே, நிஜமா?" என்று கேட்டான். அலைபேசியில் வந்த செய்தியையும் காட்டினான். நம் அங்கத்தினர்களில் பலருக்கு இந்தச் செய்தி வந்திருக்கும். ஆகையால் அவனுக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன்.

அந்த நிலம் ஆம்பேர் ராஜா ஜெய்சிங்குக்குச் சொந்தமாக இருந்தது உண்மை. ராஜா மான்சிங்கின் மாளிகை இருந்த இடம் என்று ஷாஜஹானின் அரசவை வரலாறான பாதுஷாநாமாவே ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அதற்கு ஈடாக ஜெய்சிங்குக்கு நான்கு ஹவேலிகள் கொடுக்கப்பட்டன. 1633 டிசம்பர் 28-ஆம் தேதியிட்ட ஃபர்மான் அதற்குச் சாட்சி. அதில் இருப்பது மாளிகைதான், கோவில் இல்லை. கோவில் என்ற வாதத்தைப் பரப்பிய பி. என். ஓக்கின் மனுவை உச்ச நீதிமன்றம் 2000-ல் தள்ளுபடி செய்தது. தாஜ்மகால் ஒரு சமாதியே என்று தொல்லியல் துறையும் 2017-ல் ஆக்ரா நீதிமன்றத்தில் தெரிவித்தது. பூட்டிய அறைகளைத் திறக்கக் கோரிய மனுவை 2022 மே மாதம் அலகாபாத் உயர் நீதிமன்றத்தின் லக்னோ கிளை தள்ளியது. நம் தேசத்தில் இடிபட்ட கோவில்கள் உண்டு. அவற்றுக்கு ஆதாரங்களும் உண்டு. ஆதாரம் இல்லாத இடத்தில் வாதம் செய்தால், ஆதாரம் உள்ள இடத்திலும் நம் பேச்சு எடுபடாமல் போகும். பையன் பதில் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தியை மேற்கொண்டு யாருக்கும் அனுப்பவில்லை என்று பிற்பாடு சொன்னான்.

முதல் பராமரிப்பு அறிக்கை

நாற்பது ஆண்டுகள் கோப்புகளோடு காலம் தள்ளிய எனக்கு, தாஜ்மகால் வரலாற்றில் மிகவும் பிடித்தது ஒரு கடிதம். எழுதியவர் ஔரங்கசீப்; எழுதியது 1652 டிசம்பரில். தக்காணத்துக்குப் பொறுப்பேற்கப் போகும் வழியில் ஆக்ராவில் தங்கித் தாயின் சமாதியைப் பார்த்துவிட்டு, தந்தை ஷாஜஹானுக்கு எழுதியது. கட்டிடம் உறுதியாக இருக்கிறது என்று ஆரம்பித்து, மழைக்காலத்தில் பெரிய குவிமாடம் வடக்குப் பக்கத்தில் இரண்டு இடங்களில் ஒழுகுவதையும், வளைவு வாயில்களிலும் மாடி அறைகளிலும் ஈரம் கசிவதையும், எதிர்க்கரைத் தோட்டத்தில் வெள்ளம் புகுந்ததையும் வரிசையாகத் தெரிவிக்கிறார். ஒரு பொதுப்பணித் துறை எஞ்சினீயரின் ஆய்வறிக்கை மாதிரியே இருக்கும்.

உலக அதிசயம் என்கிறோம். முழுவதும் முடிகிற சமயத்திலேயே ஒழுகத் தொடங்கிவிட்டது! இதில் அவமானம் ஒன்றும் இல்லை. எந்தக் கட்டிடமானாலும் பராமரிப்பு வேண்டும். நம் பெரியவர்கள் ஆலயங்களுக்குப் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை கும்பாபிஷேகம் என்று வைத்தார்கள். அஷ்டபந்தனம் சாற்றுவதோடு விமானத்தில் முளைத்த செடியைப் பிடுங்குவதும், விரிசலை அடைப்பதும் அந்தச் சாக்கில் நடந்துவிடும்.

மொகலாய ஆட்சி தளர்ந்ததும் கவனிப்பாரும் குறைந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உல்லாசப் பயணம் வந்தவர்கள் சுத்தியும் உளியும் கொண்டுவந்து, சுவரில் பதித்த வண்ணக் கற்களைப் பெயர்த்துப் போனார்கள். இதைச் சொன்னவர் வைஸ்ராயாக இருந்த கர்ஸன் பிரபுவே. அவருடைய அரசியலில் நமக்குப் பல குறைகள் உண்டு. 1905-ல் வங்காளத்தைப் பிரித்தவர் அவர். ஆனால் பழைய சின்னங்கள் விஷயத்தில் நாம் அவருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1861-ல் கன்னிங்ஹாம் தலைமையில் தொடங்கி, நடுவில் சோர்ந்து கிடந்த தொல்லியல் துறைக்கு 1902-ல் ஜான் மார்ஷலைத் தலைமை இயக்குநராக்கினார். 1904-ல் புராதனச் சின்னங்கள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தாஜ்மகாலில் அவர் தொடங்கிய பழுதுபார்ப்பு 1908-ல் முடிந்தது. இன்று உள்ளே தொங்கும் பெரிய விளக்கும் அவர் கொடுத்தது; கெய்ரோ மசூதி விளக்கின் மாதிரி.

இரண்டாம் உலகப் போரில் ஆகாயத் தாக்குதலுக்கு அஞ்சி 1942-ல் குவிமாடத்தைச் சாரம் கட்டி மறைத்தார்கள். 1965, 1971 போர்களின்போதும் எதிரி விமானங்களின் கண்ணில் படாதபடி மறைக்க ஏற்பாடு நடந்தது. ஆனால் மிகப் பெரிய ஆபத்து ஆகாயத்திலிருந்து குண்டாக வரவில்லை. காற்றில் கலந்து வந்தது.

கோட்டை வாசலில் ரயில் நிலையம்

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஆக்ரா கோட்டை. அக்பர் 1565-லிருந்து 1573 வரை சிவப்பு மணற்கல்லில் கட்டியது. உள்ளே உள்ள சலவைக்கல் மாளிகைகள் பெரும்பாலும் ஷாஜஹான் சேர்த்தவை. 1658-லிருந்து 1666-ல் கண் மூடும் வரை அவர் மகனால் சிறை வைக்கப்பட்டிருந்ததும் இங்கேதான். முஸம்மன் புர்ஜ் என்னும் எண்கோண மாடத்திலிருந்து யமுனை வளைவுக்கு அப்பால் தாஜ்மகால் தெரிகிறது. எங்கள் குழுவில் எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

சுற்றுலாப் பயணிகள் கோட்டைக்குள் போவது தெற்கே உள்ள அமர்சிங் வாசல் வழியாக. அக்பர் காலத்து ராஜவாசல் அதுவல்ல. மேற்கே உள்ள தில்லி வாசல்தான். அந்தப் பகுதி ராணுவத்தின் வசம் இருப்பதால் நமக்கு அனுமதி இல்லை. அந்த வாசலுக்கு நேர் எதிரே, ஷாஜஹானின் மகள் ஜஹானாரா 1648-ல் கட்டி முடித்த ஜும்மா மசூதி. கோட்டை வாசலுக்கும் மசூதிக்கும் நடுவில் திரிபோலியா என்ற எண்கோணச் சதுக்கம் ஒன்று இருந்தது. ஆக்ரா கோட்டை ரயில் நிலையத்துக்கு இடம் வேண்டி ஆங்கிலேயர் அதை இடித்துவிட்டார்கள். இன்று அந்த நிலையத்தின் பிளாட்பாரத்தில் நின்றால் ஒரு பக்கம் கோட்டைச் சுவர், மறு பக்கம் மசூதியின் குவிமாடங்கள். நடுவில் தண்டவாளம். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த அழகுக்குக் கொடுத்த விலை ஒரு மொகலாயச் சதுக்கம்.

இது ரயில் செய்த முதல் கெடுதல். அடுத்தது கண்ணுக்குத் தெரியாதது.

சலவைக்கல்லும் கந்தகமும்

சலவைக்கல் என்பது ரசாயனப்படி கால்சியம் கார்பனேட். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்புக்கு நெருங்கிய உறவு. அதன் மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைத்துக் கரையும் என்பதைப் பள்ளிக்கூடச் சோதனைச் சாலையில் எல்லோரும் பார்த்திருப்போம். நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்தால், அவற்றிலுள்ள கந்தகம் கந்தக டை ஆக்ஸைடு வாயுவாக வெளிவரும். அது காற்றின் ஈரத்தோடும் பிராண வாயுவோடும் சேர்ந்து கந்தக அமிலமாகிறது. அந்த அமிலம் பட்ட சலவைக்கல்லின் மேற்பரப்பு ஜிப்சமாக மாறுகிறது. ஜிப்சம் அதிக இடம் பிடிக்கும்; தண்ணீரில் மெள்ளக் கரையும். ஆகவே மேற்பரப்பு சொரசொரத்து, பொருக்குத் தட்டி, உதிரும். ஒரு நாளில் தெரியாது. ஐம்பது ஆண்டில் தெரியும்.

மதுராவில் சுத்திகரிப்பு ஆலை என்று 1970-களில் அரசு தீர்மானித்ததும் பலர் கவலைப்பட்டார்கள். தாஜ்மகாலுக்கு வடமேற்கே சுமார் 40 கிலோமீட்டர். காற்று அந்தத் திசையிலிருந்து வீசினால்? 1974-ல் ரசாயன அறிஞர் டாக்டர் எஸ். வரதராஜன் தலைமையில் நிபுணர் குழு அமைக்கப்பட்டது. பின்னாளில் விஞ்ஞான தொழில் ஆராய்ச்சிக் கவுன்சிலின் தலைமை இயக்குநராக இருந்தவர்; 1984 போபால் விஷவாயு விபத்தின் காரணங்களை ஆராய்ந்ததும் அவர் தலைமையிலான குழுவே.

1978-ல் வெளியான அந்தக் குழுவின் அறிக்கை ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னது. இன்னும் வராத ஆலையைப் பற்றிக் கவலைப்படுவது சரி. ஆனால் ஆக்ராவில் ஏற்கெனவே நிலக்கரி எரிக்கிறவர்களைக் கவனித்தீர்களா? அவர்கள் யார்? இரண்டு அனல் மின் நிலையங்கள். ஃபவுண்டரி எனப்படும் இரும்பு வார்ப்படச் சாலைகளை முக்கியமாகக் கொண்ட சுமார் 250 சிறு தொழிற்சாலைகள். அடுத்து, ரயில்வேயின் ஷண்டிங் யார்டு. இவை எல்லாம் சேர்ந்து மணிக்கு சுமார் ஒரு டன் கந்தக டை ஆக்ஸைடு விட்டுக்கொண்டிருந்தன. தாஜ்மகாலைப் பார்க்க ஜனங்களை ஏற்றி வந்த ரயில்வேயின் புகையும் அந்தக் கணக்கில் சேர்ந்திருந்தது. மின் நிலையங்கள் இரண்டையும் மூடி, யார்டில் நிலக்கரிக்குப் பதில் டீசல் உபயோகித்தால் இந்த வாயு பாதியாகக் குறையும் என்று 1981-82-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் கணக்கிட்டது. மின் நிலையங்கள் மூடப்பட்டன. நீராவி எஞ்சின்கள் ஒழிந்து டீசல் வந்தது. 1980-களில் தில்லி-ஆக்ரா பாதை மின்மயமாயிற்று.

வழக்கும் தீர்ப்பும்

மீதமிருந்தவை ஃபவுண்டரிகள். வழக்கறிஞர் எம். சி. மேத்தா 1984-ல் உச்ச நீதிமன்றத்தில் பொது நல வழக்குத் தொடர்ந்தார். பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. 1996 டிசம்பர் 30-ஆம் தேதி நீதிபதிகள் குல்தீப் சிங், ஃபைசான் உத்தீன் தீர்ப்பளித்தார்கள். ஆக்ராவிலுள்ள 292 தொழிற்சாலைகள் நிலக்கரியை விட்டு இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும். முடியாதவை வேறிடம் போக வேண்டும். 1997 டிசம்பர் 31-க்குப் பிறகு நிலக்கரி கூடாது. தாஜ்மகாலைச் சுற்றி 10,400 சதுர கிலோமீட்டர் பரப்பு, தாஜ் டிரபீசியம் என்ற பெயரில் பாதுகாப்புப் பகுதியாயிற்று. தாஜ்மகால், ஆக்ரா கோட்டை, ஃபதேபூர் சிக்ரி என்ற மூன்று உலகப் பாரம்பரியச் சின்னங்களும் இதற்குள் அடங்குகின்றன.

இந்தத் தீர்ப்புக்கும் நம் தமிழ்நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. நான்கு மாதம் முன்பு, 1996 ஆகஸ்ட் 28-ல், அதே குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு வேலூர் மக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பற்றியது. கேடு வரும் என்று முழுதாக நிரூபணமாகும் வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்க வேண்டும். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும். தன்னால் கேடு இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு தொழில் நடத்துபவருடையது. இந்தக் கொள்கைகளை அந்த வழக்கில் வகுத்து, தாஜ்மகால் வழக்கில் பிரயோகித்தார்கள். சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் ரயிலில் ஆம்பூர், வாணியம்பாடி வரும்போது மூக்கைப் பிடித்துக்கொண்டவர்கள் நம்மில் பலர். அந்த ஊர்களின் துயரத்திலிருந்து பிறந்த நியாயம் ஆக்ரா வரை வந்து தாஜ்மகாலுக்குத் துணை நின்றது.

கோட்டையிலிருந்து பஸ்ஸுக்குத் திரும்பும்போது வழிகாட்டியிடம் இந்த வழக்கைப் பற்றிக் கேட்டேன். அவர் நின்றுவிட்டார். "பாபுஜி, சுற்றுலா வருபவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை" என்றார். அவருடைய தந்தை ஒரு ஃபவுண்டரியில் வார்ப்படத் தொழிலாளி. எரிவாயு உலை போட முதலாளிக்கு வசதி இல்லாததால் ஆலையை மூடிவிட்டார். ஐம்பது வயதுக்கு மேல் தந்தைக்கு வேறு தொழில் கிடைக்கவில்லை. கடைசி வரை சைக்கிள் ரிப்பேர் கடை வைத்திருந்தாராம். "தாஜ்மகாலை அவர் வெறுக்கவில்லையா?" என்று என் மனைவி கேட்டாள். "அப்பாவுக்கு இருமல் இருந்தது, மாதாஜி. கல்லுக்கே ஆகாத புகை மனிதனுக்கு எப்படி ஆகும் என்பார். ஆனால் கல்லைப் பற்றித்தான் எல்லோரும் வழக்குப் போட்டார்கள் என்றும் சொல்வார்" என்றார்.

தொழிலாளர்களுக்கு நஷ்ட ஈடும் மாற்று வேலையும் தர வேண்டும் என்று தீர்ப்பிலேயே விவரமாக எழுதியிருக்கிறது. சட்டத்தில் எழுதியது ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேர்வது எவ்வளவு கஷ்டம் என்பது அரசுப் பணியில் இருந்த எனக்குத் தெரியும். தாஜ்மகாலைக் காத்தவர்கள் பட்டியலில் வைஸ்ராய், விஞ்ஞானி, வழக்கறிஞர், நீதிபதி எல்லோரும் இருக்கிறார்கள். வேலையை இழந்த அந்தத் தொழிலாளிகளையும் அதில் சேர்ப்பதுதான் நியாயம்.

வேலை முடியவில்லை

கந்தகம் குறைந்தது, தூசியும் கரியும் குறையவில்லை. 2011-12-ல் கான்பூர் ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் தொல்லியல் துறையோடு சேர்ந்து தாஜ்மகாலில் மாதிரிகள் எடுத்து ஆராய்ந்தன. சலவைக்கல் மஞ்சளாகத் தெரிவதற்குக் காரணம் தூசியோடு கலந்து படியும் கரித்துகள்களே என்று கண்டார்கள். குப்பை, சாணம், விறகு, வண்டிப் புகை என்று அதற்குப் பல மூலங்கள். யமுனையில் நீரோட்டம் குறைந்து சாக்கடை தேங்குவதால் பெருகும் சிறு பூச்சிகள் வடக்குச் சுவரில் பச்சைக் கறை படியச் செய்வது 2015, 2016-ல் பெரிய செய்தியாயிற்று. பராமரிப்பில் மெத்தனம் என்று 2018-லும் உச்ச நீதிமன்றம் கடுமையாகக் கண்டித்தது.

கறையைப் போக்கத் தொல்லியல் துறையின் ரசாயனப் பிரிவு செய்யும் வைத்தியம் கேட்டால் நம் வீட்டுப் பெண்களுக்குச் சிரிப்பு வரும். முகத்துக்குப் பூசும் அதே முல்தானி மிட்டிதான்! களிமண்ணைக் குழைத்துச் சுவரில் மெல்லிய பூச்சாகப் பூசி, காய்ந்து அழுக்கை உறிஞ்சியதும், காய்ச்சி வடித்த நீரால் கழுவுகிறார்கள். 1994, 2001, 2008, 2014 ஆண்டுகளில் இது நடந்தது. கல்லைச் சுரண்டாமல் அழுக்கை மட்டும் எடுக்கும் உபாயம்.

போக விரும்பும் அங்கத்தினர்களுக்குச் சில குறிப்புகள். வெள்ளிக்கிழமை தாஜ்மகால் பார்வையாளர்களுக்கு மூடியிருக்கும். கதிமானும் அன்று ஓடுவதில்லை. 500 மீட்டருக்குள் மோட்டார் வாகனங்களுக்குத் தடை இருப்பதால் பேட்டரி வண்டியோ நடையோதான்; முழங்கால் வலி உள்ளவர்கள் அதற்குத் தக்கபடி திட்டமிடுங்கள். 2018-லிருந்து ஒரு நுழைவுச் சீட்டுக்கு மூன்று மணி நேரமே. ஒரே நாளில் ஃபதேபூர் சிக்ரியையும் சேர்க்க ஆசைப்பட்டால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது. அதற்குப் பதில், நூர்ஜஹான் தம் தந்தைக்காக 1622-லிருந்து 1628 வரை கட்டிய இத்மத்-உத்-தௌலா சமாதியைப் பாருங்கள். தாஜ்மகாலுக்கு முந்தியது, கல்லில் கல் பதிக்கும் வேலையின் ஆரம்ப அழகை அங்கே காணலாம். சுவரில் பதித்த கற்களைத் தொட வேண்டாம். லட்சக்கணக்கான விரல்களின் எண்ணெயும் வேர்வையும் சலவைக்கல்லுக்குக் கெடுதல்தான்.

வழிகாட்டியிடம் அவருடைய கதைகளைக் கேளுங்கள், தவறில்லை. கூடவே, கொஞ்சம் தள்ளி நின்று குவிமாடத்தின் கீழ்ப் பகுதியைப் பார்த்துவிட்டு, "கடைசியாக எப்போது சுத்தம் செய்தார்கள்? அடுத்தது எப்போது?" என்று கேளுங்கள். பத்துப் பேரில் ஒருவர் இப்படிக் கேட்டால் போதும். வழிகாட்டிகளும் அந்த வரலாற்றைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.